நீங்களே ஆடிப் பாருங்களேன்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னையில் எந்தப் பள்ளிக்கூட வாசலிலாவது 'சதுரங்கப் போட்டி' என்று தட்டி கட்டியிருந்தால், ஒரு நிமிஷம் உள்ளே எட்டிப் பாருங்கள். ஹாலுக்குள்ளே குழந்தைகள். ஹாலுக்கு வெளியே, மரத்தடியில், பிளாஸ்டிக் நாற்காலிகளில் அம்மாக்கள். மடியில் சாப்பாட்டுக் கூடை, கையில் தண்ணீர்ப் புட்டி. ஒரு ஆட்டம் முடிய மூன்று மணி நேரம்கூட ஆகும். கதவு திறக்கும்போதெல்லாம் பத்துப் பேர் ஒரே சமயத்தில் எழுந்து நிற்பார்கள். வெளியே வந்தது தன் பிள்ளை இல்லை என்று தெரிந்ததும் மறுபடியும் உட்காருவார்கள்.

இவர்களில் பல பேருக்குச் சதுரங்கம் நன்றாகவே தெரியும், சகோதரிகளே! பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமே என்று ஆரம்பித்துத் தாங்களும் கற்றுக்கொண்டவர்கள். ராத்திரி பாத்திரத்தை ஒழித்துப் போட்டுவிட்டுப் பலகையை வைத்துக்கொண்டு உட்காருகிறவர்கள். ஆனால், "நீங்களும் பேர் கொடுத்து உள்ளே போய் ஆடுவதுதானே?" என்று கேட்டால், என்னவோ சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்ட மாதிரி சிரிப்பார்கள். "இந்த வயசிலா? எனக்கா?" என்பார்கள்.

ஏன், உங்களுக்கென்ன?

விசுவநாதன் ஆனந்துக்குக் காய் நகர்த்தக் கற்றுக் கொடுத்தவர் அவருடைய தாயார் சுசீலா அம்மாள்தான். அப்பா உத்தியோக நிமித்தமாகப் பிலிப்பைன்ஸுக்குப் போனபோது குடும்பமும் உடன் போயிற்று. அங்கே மத்தியானத்தில் டெலிவிஷனில் சதுரங்க நிகழ்ச்சி வரும். பையன் பள்ளிக்கூடத்தில் இருப்பான். அம்மாள் உட்கார்ந்து, அதில் காட்டும் ஆட்டங்களையும் புதிர்களையும் ஒன்று விடாமல் எழுதி வைப்பார். சாயங்காலம் பையன் வந்ததும் இருவருமாக உட்கார்ந்து விடுவிப்பார்கள். புதிரைப் பிழையில்லாமல் எழுதி வைக்க வேண்டுமானால், அம்மாளுக்கு ஆட்டம் எவ்வளவு புரிந்திருக்க வேண்டும்! பிள்ளையைக் கிராண்ட்மாஸ்டர் ஆக்குவது எல்லோருக்கும் ஆகிற காரியமில்லை. ஆனால் அந்த அம்மாளிடம் இருந்த ஆசையும் பொறுமையும் உங்களிடமும் இருக்கின்றன. அதை உங்களுக்காகவும் கொஞ்சம் செலவழித்தால் என்ன என்பதுதான் இந்த வாரத்துப் பேச்சு.

முதலில் பயத்தைத் தீர்த்துக்கொள்வோம். "முதல் ஆட்டத்திலேயே தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதானே?" என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நம் ஊரில் நடக்கும் பொதுப் போட்டிகள் பெரும்பாலும் 'ஸ்விஸ்' முறையில் நடப்பவை. தோற்றவர்களை இதில் வெளியே அனுப்புவதில்லை. ஏழு சுற்றோ ஒன்பது சுற்றோ, எல்லோரும் கடைசி வரை ஆடலாம். ஒவ்வொரு சுற்றிலும், கிட்டத்தட்ட ஒரே அளவு புள்ளி எடுத்தவர்களைச் சோடி சேர்ப்பார்கள். முதல் சுற்றில் மட்டும் பட்டியலின் மேல் பாதியைக் கீழ்ப் பாதியோடு மோத விடுவது வழக்கம். ஆகையால் புதிதாக வருகிறவருக்கு முதல் சுற்றில் ஒரு பலசாலி வந்து சேருவது சகஜம். அந்தத் தோல்விக்கு அர்த்தமே கிடையாது. இரண்டாவது, மூன்றாவது சுற்றில்தான் உங்கள் நிகரானவர் எதிரே வந்து உட்காருவார். உங்கள் போட்டி அங்கேதான் தொடங்குகிறது.

அந்த நிகரானவருக்கு எட்டு வயது இருக்கலாம்! அதற்கும் மனசைத் தயார் செய்துகொள்ள வேண்டும். பொதுப் போட்டியில் வயசு வித்தியாசம் பார்ப்பதில்லை. கால் தரையில் எட்டாமல் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு வாண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே உங்கள் யானையைத் தூக்கிக்கொண்டு போகும். அப்போது தாய்மை பொங்க, "கண்ணா, எந்த ஸ்கூல்டா?" என்று ஆரம்பிக்காதீர்கள். பாவம் குழந்தை என்று விட்டுக் கொடுக்கவும் கூடாது. பலகையின் முன்னால் அவன் உங்களுக்குச் சரிசமானம். தோற்றால் எழுந்து கை கொடுங்கள். ஜெயித்தால், அவன் கண் கலங்குவதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டு, "ஆட்டத்தை ஒரு தடவை பார்க்கலாமா?" என்று கேளுங்கள். ஹாலுக்கு வெளியே உட்கார்ந்து இருவருமாக ஆட்டத்தைத் திரும்ப நடத்திப் பார்ப்பதைப் போன்ற படிப்பு வேறொன்று கிடையாது. அழுத பிள்ளையும் இரண்டே நிமிஷத்தில், "ஆன்ட்டி, இங்கே நீங்க குதிரையைப் போட்டிருந்தா நான் காலி" என்று உங்களுக்குப் பாடம் நடத்தத் தொடங்கிவிடும்.

இனி, ஹாலுக்குள்ளே நடந்துகொள்ளும் முறை.

வீட்டு ஆட்டத்துக்கும் பந்தய ஆட்டத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம், தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்ற சட்டம். வீட்டில், "இரு, இரு, அது வேண்டாம்" என்று திரும்ப வைத்துப் பழகிவிட்டோம். பந்தயத்தில் உங்கள் காயை நகர்த்துகிற எண்ணத்தோடு தொட்டால் அதைத்தான் நகர்த்த வேண்டும். எதிராளியின் காயைத் தொட்டால் அதை வெட்ட வேண்டும். காய் கட்டத்தில் கோணலாக நிற்கிறது, சரியாக வைக்க ஆசையாக இருக்கிறதென்றால், உங்கள் முறை வரும்போது, "சரி செய்கிறேன்" என்று முன்னதாகச் சொல்லிவிட்டுத் தொடலாம். சொல்லாமல் தொட்டால் வம்புதான். காஸ்லிங் செய்யும்போது ராஜாவை முதலில் தொட வேண்டும், அதுவும் ஒரே கையால். யானையை முதலில் தொட்டுவிட்டால் அந்தப் பக்கம் காஸ்லிங் செய்யும் உரிமை அந்த முறைக்குப் போயிற்று. அட்சதை போடுகிற மாதிரி இரண்டு கையையும் உபயோகிக்காதீர்கள். காய் வைத்த கையாலேயே கடிகாரத்தையும் அழுத்த வேண்டும்.

இந்தத் தொட்ட காய் விஷயத்தில் உலகமறிந்த ஒரு சம்பவம் உண்டு. 1994-ஆம் வருஷம் ஸ்பெயின் தேசத்து லினாரெஸ் நகரில் நடந்த போட்டியில், ஹங்கேரியைச் சேர்ந்த ஜூடித் போல்கார் என்ற பெண் காரி காஸ்பரோவை எதிர்த்து ஆடினாள். அவளுக்கு வயது 17. அவரோ உலகத்தை ஆட்டிவைத்துக்கொண்டிருந்த சாம்பியன். காஸ்பரோவ் ஒரு குதிரையை எடுத்து ஒரு கட்டத்தில் வைத்தார். வைத்ததும் அது ஆபத்தென்று தெரிந்துவிட்டது. சட்டென்று குதிரையைத் திரும்ப எடுத்து வேறு கட்டத்தில் வைத்தார். விரல் காயை விட்டதா இல்லையா? டெலிவிஷன் காமிரா படம் பிடித்திருந்தது. கால் விநாடி நேரம் கை காயை விட்டிருந்ததென்று பிற்பாடு அதில் தெரிந்தது. விட்ட காயைத் திரும்ப எடுக்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் அந்தச் சமயத்தில் ஜூடித் வாய் திறக்கவில்லை, நடுவரையும் கூப்பிடவில்லை. ஆட்டத்தில் தோற்றுப் போனாள்.

உலக சாம்பியனை எதிர்த்து 17 வயதுப் பெண் கையைத் தூக்குவது லேசான காரியமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் நாம் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மரியாதை என்றால் பேசாமல் இருப்பது என்று நம்மை வளர்த்திருக்கிறார்கள். சதுரங்க ஹாலில் அப்படியில்லை. எதிராளி தொட்ட காயை விட்டு வேறு காயை நகர்த்தினால், கடிகாரத்தை நிறுத்தி, கையைத் தூக்கி, நடுவரைக் கூப்பிடுங்கள். எதிராளியோடு தர்க்கம் செய்ய வேண்டாம், குரலை உயர்த்தவும் வேண்டாம். அது நடுவருடைய வேலை. ஆனால் தாமதம் கூடாது. ஆடுவதற்காக நீங்கள் உங்கள் காயைத் தொட்டுவிட்டால், புகார் சொல்லும் உரிமை போய்விடும். சட்டமே அப்படித்தான் சொல்லுகிறது. "போகட்டும், பரவாயில்லை" என்று விட்டுவிட்டு மூன்று நாள் மனசுக்குள் புழுங்குவதைவிட, அந்த ஒரு நிமிஷம் கையைத் தூக்குவது எவ்வளவோ மேல்.

ஜூடித்தின் கதை அங்கே முடியவில்லை. 2002-ல் மாஸ்கோவில் நடந்த வேக ஆட்டப் போட்டியில், அப்போதும் உலகத் தர வரிசையில் முதலாவதாக இருந்த காஸ்பரோவை அவள் ஜெயித்தாள்.

மற்ற சம்பிரதாயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆட்டம் தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் கை கொடுப்பது வழக்கம். உங்களுக்குக் கை கூப்புவதுதான் இஷ்டம் என்றால் கூப்புங்கள், ஒருவரும் தவறாக நினைக்கமாட்டார்கள். ஒவ்வொரு நகர்த்தலையும் தாளில் எழுத வேண்டும். முதலில் ஆடு, பிறகு எழுது, அதுதான் முறை. எழுதிப் பார்த்துவிட்டு ஆடக் கூடாது. சமன் செய்துகொள்ளலாமா என்று கேட்பதானால், உங்கள் காயை நகர்த்திவிட்டுக் கேட்டு, பிறகு கடிகாரத்தை அழுத்துங்கள். ஒரு தடவை மறுத்தவரை நிமிஷத்துக்கொரு முறை நச்சரிப்பது அநாகரிகம், சட்டப்படியும் தப்பு. எதிராளியின் கவனத்தைக் கலைக்கும் எந்தச் செய்கையும் கூடாது. கை நிறையக் கண்ணாடி வளையல் போடும் வழக்கமுள்ளவர்கள் அன்றைக்கு மட்டும் இரண்டைக் குறைத்துக்கொண்டால் புண்ணியம்!

கைப்பேசியை மட்டும் மறக்காமல் வெளியே யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போங்கள். 2002-ல் உலகப் பட்டம் ஜெயித்த பொனோமரியோவ், 2003-ல் பல்கேரியாவில் நடந்த ஐரோப்பிய அணிப் போட்டியில் கைப்பேசி மணி அடித்ததற்காகவே ஆட்டத்தை இழந்தார். "காஸ் சிலிண்டர் வந்துவிட்டது" என்று வீட்டிலிருந்து வரும் ஒரு அழைப்புக்காக நீங்கள் ஒரு புள்ளியைப் பறிகொடுக்க வேண்டாம்.

சரி, நடை உடை பாவனை தெரிந்துவிட்டது. ஆட்டத்தை எப்படித் தொடங்குவது? இதில்தான் புதிதாக வருகிறவர்கள் அநியாயத்துக்குக் குழம்பிப் போகிறார்கள். தொடக்க ஆட்டங்களைப் பற்றி அலமாரி அலமாரியாகப் புத்தகங்கள் இருக்கின்றன. பக்கத்து வீட்டுப் பையன் 'சிசிலியன் நாய்டார்ஃப்' என்று ஏதோ சொல்லுவான். அதை இருபது நகர்த்தல் வரைக்கும் நெட்டுருப் போட்டிருப்பான். நீங்களும் அதையே போட்டுக்கொண்டு போனால் என்ன ஆகும் தெரியுமா? எதிராளி ஐந்தாவது நகர்த்தலிலேயே புத்தகத்தில் இல்லாததை ஆடிவிடுவார். நெட்டுருப் போட்டது அத்தனையும் வீண். அடுத்தாற்போல் என்ன செய்வதென்று புரியாமல் திருதிருவென்று விழிப்பீர்கள். தொடக்கத்தைத் தேர்ந்தெடுக்க நான் சொல்லும் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு காயையும் ஏன் அங்கே வைத்தேன் என்று உங்கள் வாயால் காரணம் சொல்ல முடிய வேண்டும்.

மொத்தம் மூன்று சமையல் தெரிந்தால் போதும். வெள்ளைக் காய்க்கு ஒன்று. கறுப்புக் காய் வந்தால், எதிராளி ராஜா முன்னாலிருக்கும் சிப்பாயைத் தள்ளினால் ஒன்று, ராணி முன்னாலிருக்கும் சிப்பாயைத் தள்ளினால் ஒன்று.

வெள்ளைக்கு நான் சிபாரிசு செய்வது 'இத்தாலிய ஆட்டம்'. ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுங்கள். எதிராளியும் அப்படியே தள்ளினால், ராஜா பக்கத்துக் குதிரையை வெளியே கொண்டுவந்து அந்தச் சிப்பாயை மிரட்டுங்கள். அவர் தம் குதிரையால் காப்பாற்றுவார். நீங்கள் ராஜா பக்கத்துப் பிஷப்பை மூன்று கட்டம் குறுக்கே நகர்த்தி வையுங்கள். அது எங்கே பார்க்கிறது? கறுப்பு ராஜாவுக்குப் பக்கத்தில், ராஜாவைத் தவிர வேறு காவலே இல்லாத சிப்பாயைப் பார்க்கிறது. அப்புறம் காஸ்லிங் செய்து ராஜாவைப் பத்திரமாக உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிடுங்கள். பார்த்தீர்களா, எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறது! பதினேழாம் நூற்றாண்டில் கிரேக்கோ என்ற இத்தாலியர் எழுதிய கையேடுகளிலேயே இது உண்டு. இன்றைக்கும் கிராண்ட்மாஸ்டர்கள் இதை ஆடுகிறார்கள். இதன் ஒரு கிளைக்கு இத்தாலிய மொழியில் 'அமைதியான ஆட்டம்' என்று பெயர். இன்னொரு கிளைக்கு 'வறுத்த ஈரல்' என்று பெயர்! சைவச் சகோதரிகள் முகத்தைச் சுளிக்க வேண்டாம். குதிரையைப் பலி கொடுத்து ராஜாவை நடுத்தெருவுக்கு இழுக்கும் தாக்குதல் அது. கறுப்பு ஆடுகிறபோது உங்களுக்கு யாரும் வறுத்துப் போடாமலிருக்க, அதை ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அவ்வளவு சண்டை பிடிக்காது என்கிறவர்களுக்கு 'லண்டன்' முறை இருக்கிறது. 1922-ல் லண்டனில் நடந்த போட்டியால் வந்த பெயர். ராணியின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, ராணி பக்கத்துப் பிஷப்பை வெளியே கொண்டுவந்துவிட்டு, பிறகு மற்றச் சிப்பாய்களால் வேலி கட்டுவது. எதிராளி என்ன ஆடினாலும் நீங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி அடுக்கலாம். "அது சோம்பேறிகள் ஆட்டம்" என்று சில மேதாவிகள் கேலி செய்வார்கள். 2023-ல் உலகப் பட்டப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் டிங் லிரென் அதைத்தான் ஆடி ஜெயித்தார். மேதாவிகளிடம் இதைச் சொல்லுங்கள்.

கறுப்புக்கு 'காரோ-கான்' நல்லது. ராணி பக்கத்துப் பிஷப்பின் முன்னாலிருக்கும் சிப்பாயை ஒரே கட்டம் தள்ளிவிட்டு, அடுத்த நகர்த்தலில் அதன் ஆதரவோடு ராணிச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி நடுவிடத்துக்குப் போட்டி போடுவது. அஸ்திவாரம் உறுதி, சீக்கிரம் இடியாது. எதிராளி ராணிச் சிப்பாயால் தொடங்கினால், நீங்களும் ராணிச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, அதற்கு ஆதரவாக ராஜாச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுங்கள். பழைய வழிதான், கண்ணியமான வழி.

இன்னும் ஒன்று கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். வாண்டுகள் நான்கே நகர்த்தலில் உங்களை முடித்துவிடப் பார்ப்பார்கள். நீங்கள் ராஜாச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி ஆடும்போது, வெள்ளை ராணி இரண்டாவது நகர்த்தலிலேயே பலகையின் ஓரத்துக்கு ஓடிவரும். பதறாதீர்கள். ராணி பக்கத்துக் குதிரையால் உங்கள் நடுச் சிப்பாயைக் காப்பாற்றுங்கள். பிஷப்பும் வந்து ராணியோடு கூட்டுச் சேர்ந்தால், ராஜா பக்கத்துக் குதிரையின் முன்னாலிருக்கும் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுங்கள். ராணி விலகியாக வேண்டும். விலகி, நேர் எதிரே நின்று மறுபடியும் மிரட்டும். அப்போது ராஜா பக்கத்துக் குதிரையைக் குறுக்கே கொண்டுவந்து நிறுத்துங்கள். வாண்டின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இதற்குப் பதிலடியாக நீங்களும் அதே தந்திரத்தைக் கையாளலாமா என்றால், வேண்டாம் என்பேன். எதிராளி ஏமாந்தால்தான் பலிக்கும் ஆட்டம், ஏமாறாதவரிடம் உங்களையே காலை வாரிவிடும்.

தொடக்கத்துக்கு இவ்வளவு போதும். நம்மைப் போன்றவர்கள் ஆட்டத்தில் தோற்பது பெரும்பாலும் தொடக்கத்தினால் அல்ல, சும்மா நிற்கும் காயைக் கவனியாமல் பறிகொடுப்பதால்தான். எதிராளி காய் நகர்த்தியதும், "இது எதை வெட்ட வருகிறது?" என்று ஒரு கேள்வி. நீங்கள் நகர்த்துமுன், "இங்கே வைத்தால் யார் வெட்டுவார்?" என்று ஒரு கேள்வி. இந்த இரண்டையும் ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொள்கிறவர், புத்தகம் படிக்காமலே பாதிப் பேரை ஜெயித்துவிடுவார்.

பெண்பிள்ளை எதிரே உட்கார்ந்தால் அலட்சியமாகப் புன்னகை செய்யும் ஆண்கள் இன்றைக்கும் உண்டு. அவர்களுக்கு ஒரு பழைய கதை. 1929-ல் கார்ல்ஸ்பாட் நகரத்துப் போட்டியில், பெண்களின் முதல் உலக சாம்பியனான வேரா மென்சிக்கை ஆண்களோடு ஆடச் சேர்த்துக்கொண்டார்கள். ஆல்பர்ட் பெக்கர் என்ற ஆட்டக்காரர், "இந்த அம்மாளிடம் தோற்பவர்களை எல்லாம் 'வேரா மென்சிக் சங்க'த்தில் அங்கத்தினராகச் சேர்க்க வேண்டும்" என்று கிண்டல் செய்தார். சங்கத்தின் முதல் அங்கத்தினர் யார் என்கிறீர்கள்? பெக்கரேதான்! பின்னால் சேர்ந்தவர்களில் ஒருவர், 1935-ல் உலக சாம்பியனான மாக்ஸ் யூவே. இதே யூவே சர்வதேச சம்மேளனத்தின் தலைவராக இருந்தபோது, 1976-ல் பம்பாயைச் சேர்ந்த ரோகிணி காடில்கர் 13 வயதில் நம் நாட்டு ஆண்கள் சாம்பியன் போட்டியில் ஆடினாள். பெரிய ரகளை, விவகாரம் ஹைகோர்ட்டு வரை போயிற்று. பெண்களை எந்தப் போட்டியிலிருந்தும் விலக்கக் கூடாதென்று யூவே தீர்ப்புச் சொன்னார். சங்க அங்கத்தினருக்கு அனுபவம் பேசியிருக்கும்!

'இந்த நிலையிலா, இந்த வயசிலா' என்கிறவர்களுக்கு, 2022-ல் மாமல்லபுரத்து ஒலிம்பியாடில் நிறை கர்ப்பிணியாக உட்கார்ந்து ஆடிய ஹரிகாவை ஞாபகப்படுத்துகிறேன். அந்தத் தடவை நம் பெண்கள் அணி வெண்கலப் பதக்கம் வாங்கியது. 2024-ல் புடாபெஸ்டில் தங்கமே வாங்கிவிட்டார்கள்.

போட்டிக்குப் போகிற அன்று, பையில் இரண்டு பேனா இருக்கட்டும், ஒன்று மக்கர் செய்யும். ஹாலில் ஏ.சி. பலமாக இருக்கும், மெல்லிய சால்வை ஒன்று வேண்டும். மத்தியான ஆட்டத்துக்கு முன் வயிறு முட்டத் தயிர் சாதம் சாப்பிட்டுவிட்டுப் போனால் பதினைந்தாவது நகர்த்தலில் கண் செருகும். ஒரு வாழைப்பழமும் மோரும் போதும். ஆட்டம் முடிந்து கதவைத் திறந்துகொண்டு வரும்போது, மரத்தடியில் உங்கள் பிள்ளை எழுந்து நின்று, "என்னம்மா, ஜெயிச்சியா?" என்று கேட்பான். அந்தக் கேள்வி எப்படி இருக்கிறதென்று அப்போதுதான் உங்களுக்கும் தெரியும்.